சி லைப்ரரியில் ஃபங்ஷன்களுக்குப் பெயர் வைப்பது எப்படி

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தொகை தமிழ் எண்ணிலும் இருக்கும். நம் காவடி வசூல் ரசீதிலும் அப்படி வரவேண்டும் என்று 250 கொடுத்தால் ௨௫௦ தரும் சின்ன லைப்ரரி ஒன்று சி மொழியில் எழுதினேன். மாற்றும் வேலை எளிது. ஆனால் ரசீது அச்சிடச் சேர்த்த இன்னொரு லைப்ரரியிலும் 'இனிட்' என்றே ஒரு ஃபங்ஷன் இருந்ததால், எல்லாத் துண்டுகளையும் ஒரே ப்ரோகிராமாக இணைக்கும் லிங்கர் 'மல்டிபிள் டெஃபனிஷன்' என்று சொல்லி நின்றுவிட்டது. சி-யில் ஒவ்வொரு லைப்ரரியின் பெயர்களையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ் கிடையாது, நாம் வைக்கும் பெயர்தான் வேலி. (பெயர்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் முன்னொட்டு. என்னுடையது 'தமெண்_'. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி தன் ஃபங்ஷன்களுக்கெல்லாம் 'எஸ்க்யூலைட்3_' என்று வைத்தது, அந்த 3 இருப்பதால்தான் பழைய 2-ஆம் பதிப்பையும் ஒரே ப்ரோகிராமில் சேர்க்க முடிந்தது. அடிக்கோட்டில் தொடங்காதீர்கள், 'ஸ்டர்', 'மெம்' என்றும் தொடங்காதீர்கள். அவை கம்பைலருக்கும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கும் ஒதுக்கியவை.

அப்புறம் பொருள், கடைசியில் வினை: 'தமெண்_பஃபர்_நியூ', 'தமெண்_பஃபர்_ஃப்ரீ'. வினையை முன்னால் வைப்பது எனக்குப் பிடிக்காது, இப்படி வைத்தால் எடிட்டரில் 'தமெண்_பஃபர்_' வரை அடித்ததுமே அதற்குரிய எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 'நியூ' மெமரி ஒதுக்கும், 'இனிட்' ஏற்கெனவே இருக்கும் மெமரியை நிரப்பும். இரண்டையும் குழப்பினால் பயன்படுத்துபவர் எதை ஃப்ரீ செய்வது என்று தெரியாமல் தவிப்பார்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். ஹெடரில், அதாவது பயன்படுத்துபவருக்காக ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பில், போடாத ஃபங்ஷன் வெளியே தெரியாது என்று பலரும் நம்புகிறார்கள். லிங்கர் ஹெடரைப் பார்ப்பதே இல்லை! ஒரு ஃபங்ஷனை அதன் கோப்புக்குள்ளேயே அடைத்து வைக்கும் சொல் 'ஸ்டேட்டிக்', அதைப் போடாத ஒவ்வொரு உதவி ஃபங்ஷனும் வெளியே போகும். ப்ரோகிராம் ஓடும்போது சேரும் ஷேர்டு லைப்ரரி என்றால் இன்னும் மோசம், லினக்ஸில் பிழைச்செய்தியே வராது, தேடும் வரிசையில் முதலில் கிடைத்த ஃபங்ஷன் ஓடும், ரசீதில் வேறு தொகை வரும். லைப்ரரியில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கமாண்டை ஓட்டிப் பாருங்கள், இதற்கு அதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை. பெயருக்கு முன் பெரிய 'டி' ('டெக்ஸ்ட்' என்பதன் முதலெழுத்து) இருந்தால் வெளியே தெரிகிறது, சின்ன 'டி' என்றால் உள்ளேயே இருக்கிறது. பெரிய 'டி' வரிசையில் முன்னொட்டு இல்லாத ஒன்றுகூட இருக்கக்கூடாது. பல கோப்புகளுக்குப் பொதுவான உதவி ஃபங்ஷனை ஸ்டேட்டிக் ஆக்க முடியாது, அதற்கும் முன்னொட்டு வையுங்கள்.

சேர்க்கை: பெயரையே தமிழெழுத்தில் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வைக்கலாம், ஜிசிசி கம்பைலரில் 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் நேரடியாகவே அடிக்கலாம். ஆனால் 'தொகை' என்பதில் வரும் 'தொ'வைப் பாருங்கள். யூனிகோடில் அந்தக் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், கம்பைலருக்கு இரண்டு பெயர். ஜிசிசி எச்சரிக்கும், திருத்தித் தராது. அதனால் ஸ்டேட்டிக் ஃபங்ஷன்களுக்குத் தாராளமாகத் தமிழ் வையுங்கள், ஹெடரில் வருவதற்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.