பழைய ஆமி ரைபிளும் ரவையும்: இனிக் கிடைக்குமா, விலை எங்க போகும், எப்பிடிப் பாக்கிறது

ஆகஸ்ட் லீவுக்கு கனடா, லண்டன், சுவிஸ்ல இருந்து வாற மருமக்கள்ல ஒரு ஆளாவது என்னட்டக் கேக்கிற கேள்வி இது: மாமா, ஆமி பாவிச்சுக் கழிச்சு விக்கிற சர்ப்ளஸ் ரைபிள் விலை இன்னும் ஏறுமா, இப்பவே வாங்கிறதா, பொறுத்தா இறங்குமா. நான் சுவிஸ்ல கன காலம் சூட்டிங் கிளப்ல இருந்துட்டு இப்ப களுவாஞ்சிக்குடியில வந்து இருக்கிறன், அதால எல்லாருக்கும் சேத்து ஒரேயடியா எழுதி வைக்கிறன். அங்கங்க லைசன்ஸ் எடுத்து சட்டப்படி வாங்கிற ஆக்களுக்குத்தான் இது. இலங்கைக் கதை வேற, கடைசியில சொல்றன்.

முதல்ல விலையப் பாக்காதீங்க, சாமான் எங்க இருந்து வருது எண்டு பாருங்க. ஒரு நாட்டு ஆமி புது ரைபிளுக்கு மாறினா பழசு ஸ்டோருக்குப் போகும், மறுகா ஒண்டு வியாபாரிக்கு விப்பாங்க, இல்லாட்டி வேற நாட்டு ஆமிக்குக் குடுப்பாங்க, இல்லாட்டி வெட்டி உருக்கிப்போடுவாங்க. 1950, 60களுக்குப் பிறகு ஆமிகள் எடுத்தது அநேகமா ஏகே, ஜி3, எம்16 மாதிரி ஒட்டோமெட்டிக் (டிரிகர இழுத்துப் பிடிச்சா விடாமச் சுடுறது), அதுகள் முழுசா பொதுமக்கள் கைக்கு வாறது அநேகமான நாடுகள்ல நடக்காது, அமெரிக்காவுலயே 1986 சட்டத்தோட புதுசா ஒட்டோமெட்டிக் துவக்கு வாங்கிற வழி பூட்டியாச்சு. அப்ப கொலக்டர் மாருக்கு மிஞ்சினது ரெண்டு உலக யுத்தத்துச் சாமானும் அதுக்குப் பிறகு கொஞ்சமும்தான். குளம் வத்துது, மழை இல்ல.

மொசின் நகான் எண்ட பழைய ரஷ்ய ஆமி ரைபிளப் பாருங்க. மூணு கோடிக்கு மேல செஞ்ச ரைபிள். 1991ல சோவியத் உடைஞ்சதும் ஸ்டோரெல்லாம் திறந்துவிட்டாங்க, 2000கள்ல அமெரிக்காவுல 100 டொலருக்குக் கீழயும் எடுக்கலாம். இப்ப அதே சாமான் பல நூறு டொலர். அந்தப் பழைய விலை திரும்ப வரும் எண்டு இன்னும் காத்திருக்கிற ஆக்கள் இருக்காங்க, வராது மனே. அந்த ஸ்டோர்கள் வெறுமையாப் போச்சு, மிச்சம் இருக்கிற இடத்துல சண்டை நடக்குது.

இடைக்கிடை ஒரு கதவு திறக்கும், அதுக்குத்தான் கண் முழிச்சு இருக்கணும். 2003ல நேபாளத்துல கத்மண்டுப் பழைய அரண்மனையில கிடந்த மார்டினி ஹென்றி ரைபிள்கள் மொத்தமா அமெரிக்க வியாபாரிகளுக்குப் போனது. அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்குக் குடுத்த எம்1 கராண்ட் ரைபிள்கள் பின்னால அமெரிக்காவுக்கே திரும்பி வந்து, பொதுமக்களுக்கு சூட்டிங் பழக்கிற சிஎம்பி எண்ட அமைப்பு மூலமா வித்தாங்க. அதேநேரம் தென்கொரியாவுல கிடந்த கராண்டுகள கொண்டுவர விடல்ல, 2013ல ஒபாமா அரசாங்கம் அந்த மாதிரித் திரும்ப இறக்கிறதயே இறுக்கிப் பூட்டிச்சு. அதால பெரிய லொட் ஒண்டு இறங்கியிருக்கு எண்டு கேள்விப்பட்டா முதல் மாசங்களுக்குள்ளயே வாங்குங்க. வியாபாரி முதல்ல நல்லதத்தான் விப்பான், மறுகா வாறது பொறுக்கி எடுத்த மிச்சம். விலை அப்பிடியே நிக்கும், ஆனா பரல் தேஞ்சிருக்கும், கட்டை வெடிச்சிருக்கும், பாகங்கள்ல அடிச்ச நம்பர் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. இதுவும் விலையேத்தம்தான், விலைச்சீட்டுல தெரியாது அவ்வளவுதான்.

இனி ரவை. எனக்கு ரைபிளவிட இதுதான் முக்கியம், ஏனெண்டா ரைபிள் ஒருக்கா வாங்கிறது, ரவை ஒவ்வொரு கிழமையும் வாங்கிறது. ரைபிளுக்குக் காசு குடுக்க முதல் ஒரு கேள்வி கேளுங்க: இந்தச் சைஸ் ரவைய இண்டைக்கு யாரும் புதுசாச் செய்றாங்களா? செஞ்சா சர்ப்ளஸ் ரவை விலை அந்தப் புது விலைக்கு மேல போக ஏலாது. சேர்பியாவுல பிர்வி பார்ட்டிசான் எண்ட கம்பனி திரீ நொட் திரீயும் (.303) இன்னும் பல பழைய சைஸும் செய்யுது, அந்தத் திரீ நொட் திரீ போடுற லீ என்ஃபீல்ட் எண்ட பழைய பிரிட்டிஷ் ரைபிள் வச்சிருக்கிற ஆக்கள் இன்னும் சுடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். திரீ நொட் திரீ எண்டா நம்மட ஊர்ப் பழைய ஆக்களுக்கும் தெரியும், எஸ்எல்ஆர், ரீ56 எல்லாம் வர முதல் பொலிஸ்காரன்ட தோள்ல கிடந்தது அதுதான்.

ரஷ்யச் சைஸ் ரவைக்கு நிலைமை வேற. 2021 செப்டம்பர்ல இருந்து ரஷ்ய ரவைக்குப் புது இம்போர்ட் பெர்மிட் குடுக்கிறத அமெரிக்கா நிப்பாட்டினது, 2022ல உக்ரைன் யுத்தம் துவங்கினதோட கிழக்கு ஐரோப்பாவுல கிடந்த பழைய ஸ்டொக் எல்லாம் சண்டைக்குப் போகுது. யுத்தம் முடிஞ்சாலும் உடன மலியும் எண்டு நினைக்காதீங்க, முதல்ல ஒவ்வொரு நாடும் தன்ட ஸ்டோரத்தான் நிரப்பும்.

பழைய ரவை வாங்கேக்க டின் பிரிக்காததா எண்டு பாருங்க. பிரிச்சதெண்டா ஒண்டக் கையில எடுத்து கோதுட கழுத்துப் பக்கத்தப் பாருங்க, பச்சைப் பாசி மாதிரிப் பிடிச்சிருந்தா, மயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் வேணாம். கோதுட அடியில பக்டரி அடையாளமும் வருசமும் அடிச்சிருக்கும், இந்தியாவுல கிர்க்கியில செஞ்ச கேஎஃப் அடிச்ச திரீ நொட் திரீ பிந்தி வெடிக்கும் எண்டு பேர் கெட்டது, மலிவா வந்தாலும் எடுக்காதீங்க. டிரிகர் இழுத்தும் வெடிக்காட்டி ரைபிள் வாய இலக்குப் பக்கமே பிடிச்சுக்கொண்டு 30 செக்கனாவது பொறுத்துத்தான் போல்ட்டத் திறக்கணும். பழைய பிரைமர் (ரவைட அடியில பத்த வைக்கிற மருந்து) சுட்டதும் கனக்க உப்பு விடும், அது ஈரத்த இழுத்து பரல அரிக்கும், சுட்ட அண்டைக்கே சுடுதண்ணி ஊத்திக் கழுவி, காய வச்சு எண்ணெய் போடணும். சுவிஸ் ஜிபி11 ரவைக்கு இந்தக் கரைச்சல் இல்ல, அதப் போடுற கே31 சுவிஸ் ரைபிள் வச்சிருக்கிற பிள்ளைகள் குடுத்துவச்சவங்க.

காசு போட்டு வச்சா ஏறும்தானே எண்டு கனடாப் பிள்ளைகள் கேப்பாங்க. ஒரு காலம் 200 டொலர் போன எஸ்கேஎஸ் எண்ட சோவியத் மொடல் ரைபிள் ஏறினது உண்மை. ஆனா 2020 மே மாசம் ஒரே நாள்ல 1,500 மொடல் மட்டுல தடை பண்ணினாங்க, அதுல எஸ்கேஎஸ் இல்லாட்டியும் அடுத்த லிஸ்ட்ல வராது எண்டு யாரும் எழுதித் தர மாட்டாங்க. தடை வந்தா விலை ஏறாது, விக்கவே ஏலாது. சுட ஆசையெண்டா வாங்குங்க, சேமிப்பு எண்டு நினைச்சு வாங்காதீங்க. லண்டன்ல 1988க்குப் பிறகு பெரிய சைஸ் செமி ஒட்டோமெட்டிக் (ஒரு இழுப்புக்கு ஒண்டு சுட்டு, அடுத்த ரவை தானா ஏறுறது) ரைபிளுக்கு இடமில்லாதபடியால, ஒவ்வொரு ரவைக்கும் கையால போல்ட் இழுக்கிற ரைபிள்தான், அதுல நம்பர் 4 லீ என்ஃபீல்ட் நல்லதா கிடைச்சா யோசிக்காம எடுங்க.

இனி இங்கத்தக் கதை. லீவுக்கு வந்து வாகரைப் பக்கமோ படுவான்கரைப் பக்கமோ வட்டைக்குப் போகேக்க, உழுத மண்ணுல பழைய ரவையோ துருப்பிடிச்ச இரும்போ கண்டா குனிஞ்சு எடுக்காதீங்க, அது இனி வெடிக்காத செத்த சாமான் எண்டு யாரும் சொன்னாலும் நம்பாதீங்க. வந்த வழியிலயே திரும்பி வந்து, இடத்த அடையாளம் வச்சு, 119க்கோ கிட்ட இருக்கிற பொலிசுக்கோ சொல்லுங்க. பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கவும் வேணாம். ஞாபகத்துக்கு எண்டு ஒரு ரவையையும் பேக்ல போடாதீங்க, கட்டுநாயக்காவுல ஸ்கேன்ல பிடிபட்டா பிளைட்டும் போய் வழக்கும் வரும், ஒட்டோமெட்டிக் துவக்கு வச்சிருந்தா இங்க ஆயுள் தண்டனை வரைக்கும் இருக்கு.