பழைய சைக்கிளின் பிரேக்கை மேம்படுத்துதல்

முழு பிரேக்கையும் மாற்ற முற்படுமுன், ரப்பர் பிரேக் கட்டைகளையும் கேபிள்களையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிப்போன ரப்பரும், உறைக்குள் துருவேறிய கம்பியுமே பெரும்பாலும் பிரேக் பிடிக்காததற்குக் காரணமாக இருக்கின்றன. அடுத்து, கட்டை அழுத்தும் சக்கர வளையமான ரிம்மைப் பாருங்கள்; அதில் காந்தம் ஒட்டினால் அது எஃகு. எஃகு ரிம் நனைந்தால் கட்டை வெகுவாக வழுக்கும் என்பதால், மழையில் ஓட்டுபவருக்கு, செலவு கூடினாலும், அலுமினிய ரிம்முக்கு மாறுவதே என் கருத்தில் உருப்படியான மேம்பாடு. கட்டைகளை ரிம்மில் அழுத்தும் கவ்வியான காலிப்பரையும் மாற்றுவதானால், அதைச் சட்டகத்தில் பொருத்தும் துளையின் மையத்திலிருந்து ரிம்மில் கட்டை படும் இடம் வரையுள்ள தூரத்தை அளந்து, அதற்கு எட்டுவதையே வாங்க வேண்டும். கட்டை டயரில் உரசாதவாறும், அதன் முன்முனை பின்முனையைவிட ஏறத்தாழ 1 மி.மீ. ரிம்முக்கு நெருங்கியிருக்குமாறும் பொருத்தினால் கிறீச்சொலி குறையும். ஓட்டுமுன் நின்றபடியே பிரேக்கைப் பலமுறை இறுக்கிப் பிடித்து, கேபிள் நழுவவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.