டெஸ்க்டொப் போல்டரக் காணேல்லையா, ஃபோர்மட் அடிக்க முதல் இதைச் செய்து பாருங்கோ

திருகோணமலை உப்புவெளியில எங்கட பக்கத்து வீட்டு அக்கா போன மாரிக்க ஒருநாள் விடிய வந்து கூப்பிட்டவ, தம்பி கொம்பியூட்டரில எல்லாம் போட்டுது, அம்மாட கடைசிப் படங்களும் அதுக்குள்ளதான் எண்டு. போய்ப் பாத்தா ஸ்கிரீன் கறுப்பு, ஒரு மூலையில ரீசைக்கிள் பின் மட்டும், நடுவில ஒரு மெசேஜ் பெட்டி. முதல்நாள் இரவு மழையோட கரண்ட் ரெண்டு மூண்டு தரம் போய் வந்தது, யூபிஎஸ் இல்ல. ஒரு கடையில கேட்டதுக்கு விண்டோஸ் அடிபட்டிட்டுது, ஃபோர்மட் தான், எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடவேணும் எண்டு சொல்லியிருக்கினம். எனக்கு நெஞ்சு பதறினது அதைக் கேட்டுத்தான். ஏனெண்டா அந்தப் படங்கள் ஒண்டுமே அழியேல்ல.

முதல் அந்தப் பெட்டியை வடிவா வாசியுங்கோ, குளோஸ் பண்ணிட்டுப் போகாதீங்கோ. அதில சி ட்ரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, கொன்ஃபிக், சிஸ்டம்புரோஃபைல், டெஸ்க்டொப் எண்டு ஒரு நீட்டுப் பாதை போட்டு, அந்த இடம் இல்லை எண்டு இருக்கும். நாங்கள் டெஸ்க்டொப் எண்டு பாக்கிறது ஒரு சாதாரண போல்டர்தான், சி ட்ரைவில யூசர்ஸ் எண்ட போல்டருக்குள்ள உங்கட பேரில ஒரு போல்டர், அதுக்குள்ள டெஸ்க்டொப். அது எங்க இருக்கு எண்ட குறிப்பை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எண்ட தன்ர செட்டிங்ஸ் குறிப்பேட்டில வச்சிருக்கு. எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனா அந்தக் குறிப்பு பழுதாகலாம், அப்ப அது உங்கட பேரை விட்டிட்டு சிஸ்டத்தின்ர சொந்த புரோஃபைல் எண்ட போல்டருக்குள்ள போய்த் தேடும், அங்க டெஸ்க்டொப் எண்டு ஒண்டு இல்லாட்டி காணேல்ல எண்டு சொல்லும். தபால்காரர் விலாசம் மாறிப் பக்கத்து வளவுக்க நிக்கிறார், உங்கட சாமான் உங்கட வீட்டிலதான் கிடக்கு.

இப்ப கீபோர்டில விண்டோஸ் பட்டனையும் ஈ எழுத்தையும் சேத்து அமத்துங்கோ, எக்ஸ்புளோரர் திறக்கும். சி ட்ரைவ், யூசர்ஸ், உங்கட பேர், டெஸ்க்டொப். அக்காட கொம்பியூட்டரில அந்த போல்டரத் திறந்த உடன அம்மா எண்ட பேரில ஒரு போல்டர், உள்ள கோணேசர் கோயில் வாசலில எடுத்த படம் முதலாவதா நிண்டது. அக்கா ஒண்டும் சொல்லேல்ல, கதிரையில இருந்திட்டா.

கண்ட உடன வேற வேலை ஒண்டும் பாக்காமல் அதை முதல்ல ஒரு எக்ஸ்ரேணல் ஹார்ட் டிஸ்க்குக்கோ பெரிய பென் ட்ரைவுக்கோ கொப்பி பண்ணுங்கோ. கட் இல்ல, கொப்பி. திருத்துறதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

திருத்த, மேல வியூ எண்டதில ஹிடின் ஐட்டம்ஸுக்கு டிக் போடுங்கோ, விண்டோஸ் 11 எண்டா வியூ, பிறகு ஷோ, அதுக்குள்ள இருக்கும். இப்ப யூசர்ஸுக்குள்ள டிஃபோல்ட் எண்டு மங்கலா ஒரு போல்டர் தெரியும். அதுக்குள்ள இருக்கிற டெஸ்க்டொப் போல்டரை கொப்பி பண்ணி, அந்தப் பெட்டி சொன்ன சிஸ்டம்புரோஃபைலுக்குள்ள கொண்டுபோய்ப் பேஸ்ட் பண்ணுங்கோ. நடுவில அனுமதி கேக்கும், கன்டினியூ குடுங்கோ. பிறகு ரீஸ்டார்ட். அக்காட இதிலயே சரிவந்திட்டுது. பெட்டி வராமல் ஆனா டெஸ்க்டொப் இன்னும் வெறுமையா இருந்தா, செட்டிங்ஸில அக்கவுண்ட்ஸ் போய் புதுசா ஒரு அக்கவுண்ட் திறந்து, யூசர்ஸுக்குள்ள பழைய பேரில இருக்கிறதுகளைப் புதுப் பேரில இருக்கிற போல்டருக்குள்ள கொப்பி பண்ணுறதுதான் வீட்டில இருக்கிற ஆக்களுக்கு சுகமான வழி, ரெஜிஸ்ட்ரிய நோண்டப் போகாதீங்கோ, ஒரு எழுத்து பிழைச்சாலும் லொகின் பண்ணவே ஏலாமப் போகலாம்.

லொகின் பண்ணேக்க டெம்பரரி புரோஃபைல் எண்டு சொல்லிச்சுதெண்டா அது வேற கதை, உங்கட பேருக்குப் பதிலா ஒரு தற்காலிக போல்டரில நிக்கிறீங்கள். அந்த நிலைமையில ஒண்டையும் சேவ் பண்ணாதீங்கோ, சைன் அவுட் பண்ண அதில சேவ் பண்ணினதெல்லாம் அழிஞ்சிரும். ரெண்டு மூண்டு தரம் ரீஸ்டார்ட் பண்ணினாலே சிலநேரம் பழையபடி வரும்.

டொக்குமெண்ட்ஸ் மட்டும் காணேல்லையெண்டா வன்ட்ரைவ் போல்டருக்குள்ள பாருங்கோ, அது மைக்ரோசொஃப்ட்டின்ர இன்டர்நெட் சேமிப்பு. விண்டோஸ் பக்கப் எண்டு கேக்கேக்க ஓம் எண்டு அமத்தியிருப்பீங்கள், அது டெஸ்க்டொப், டொக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாத்தையும் அங்க நகத்திரும். இலவசமா 5 ஜிபி தான், அது நிரம்பினா கரைச்சல் குடுக்கும்.

விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சதால கனபேர் 11 க்கு மாறினவை. மாத்தின பிறகு ஏதும் காணாட்டி சி ட்ரைவில விண்டோஸ் டொட் ஓல்ட் எண்ட போல்டரை உடன பாருங்கோ, அதுக்குள்ளயும் ஒரு யூசர்ஸ் இருக்கும், ஆனா 10 நாளில அது தானாவே அழியும்.

போட்டோக்கொப்பிக் கடையில பென் குத்திட்டு வந்து போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருந்தா அதை டபிள் கிளிக் பண்ணாதீங்கோ, அது வைரஸ். வியூவில ஒப்ஷன்ஸ் போய், விண்டோஸ் 11 எண்டா மேல இருக்கிற மூண்டு புள்ளிக்குள்ள ஒப்ஷன்ஸ், பிறகு வியூ, அதில புரொடெக்டட் ஒபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ ஒளிக்கிற டிக்க எடுத்தா உண்மையான போல்டர் மங்கலா தெரியும்.

இன்னொண்டு, எங்கட கடற்கரைப் பக்கம் முக்கியம். கேசிங்குக்குள்ள டிக் டிக் எண்டு சத்தம் கேட்டாலோ, ட்ரைவே சிலநேரம் தெரிஞ்சு சிலநேரம் தெரியாமப் போனாலோ, மேல சொன்ன ஒண்டையும் செய்யாதீங்கோ, ஓஃப் பண்ணுங்கோ. உப்புக்காத்துக்கு கேபிள் முனை பச்சை பிடிக்கும், பிளக்கைக் கழட்டிட்டு கேபிளை மாத்திப் பாருங்கோ. சத்தம் அப்பிடியே கேட்டா டிஸ்க் சாகுது, ஒவ்வொரு தரம் ஓன் பண்ணேக்கயும் மிச்சமிருக்கிறதும் போகலாம்.

எல்லாம் கொப்பி எடுத்தாச்செண்டா மட்டும், கொமாண்ட் ப்ரொம்ட் எண்ட கட்டளை அடிக்கிற ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து எஸ் எஃப் சி, ஒரு ஸ்பேஸ், சாய்கோடு (/), ஒட்டி ஸ்கேன்நவ் எண்டு இங்கிலீஷில அடிச்சு என்ரர் குடுங்கோ, பழுதான விண்டோஸ் ஃபைல்களை அதே தேடித் திருத்தும். நடுவில நிண்டமாதிரி இருக்கும், விட்டிட்டு இருங்கோ, கரண்ட் போகாத நாளில செய்யுங்கோ.

இவ்வளவு செய்தும் சரிவராமக் கடைக்குக் கொண்டு போறதெண்டா, ஃபோர்மட் வேண்டாம், முதல்ல யூசர்ஸ் போல்டரை எடுத்துத் தாங்கோ எண்டு ஒரு தாளில எழுதி கேசிங்கில ஒட்டி விடுங்கோ. விண்டோஸ் திறக்காட்டியும், உபுண்டு எண்ட வேற ஒபரேட்டிங் சிஸ்டம் இருக்கிற பென் ட்ரைவ் ஒண்டைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி எடுக்கலாம், டிஸ்க்கை பிட்லொக்கரால லொக் பண்ணியிருந்தா மட்டும், அந்த லொக்கைத் திறக்கிற நீட்டு இலக்கமான ரிக்கவரி கீயையும் கையில கொண்டு போங்கோ.