சைவச் சாப்பாட்டிலேயே உடம்பை ஏற்றுவது எப்படி?

புரட்டாசி பிறந்ததும் எங்கள் ஜிம்மில் ஒரே கேள்விதான். "மாஸ்டர், ஒரு மாசம் கறி, முட்டை எதுவும் கிடையாது. ஏத்துன உடம்பு எறங்கிருமா?" கார்த்திகையில் மாலை போட்டவர்களும் இதையே கேட்பார்கள். இறங்காது. ஒரு மாதம் என்ன, ஆயுள் முழுக்கச் சைவமாக இருந்தும் நன்றாக ஏற்றலாம். நான் திருநெல்வேலி டவுனில் முட்டைகூட வாங்காத வீட்டில் பிறந்தவன். இன்றைக்கும் அதே சாப்பாடுதான். பாளையங்கோட்டையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் பிழைக்கிறேன். பார்பெல்லைத் தூக்கிக் காட்டாமல் அந்த வேலை நடக்காது.

சைவத்தில் புரதம் இல்லை என்பது பேச்சுக்குச் சொல்வது. புரதம் நம் அடுக்களையில் டப்பா டப்பாவாக இருக்கிறது, தட்டுக்குத்தான் வந்து சேர்வதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் புரதம் 22 கிராம். அந்தச் சாம்பார் மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் ஓடும். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 3 கிராம்கூட வராது. "தினமும் பருப்பு சாப்பிடுறேன் மாஸ்டர்" என்று சொல்கிற பையன் பொய் சொல்லவில்லை. அவன் சாப்பிடுவது பருப்பு கரைந்த தண்ணீர், அவ்வளவுதான்.

தேவை எவ்வளவு? சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. எடை தூக்கித் தசையை வளர்க்க நினைப்பவருக்கு 1.6 கிராம் வேண்டும். பருப்பு, தானியப் புரதம் பாலில் உள்ளதைப்போல முழுசாகச் செரிக்காது என்பதால் நான் 1.6-க்குக் கீழே போகவே விடுவதில்லை. 65 கிலோ எடை என்றால் நாளுக்கு 104 கிராம்.

இனி எல்லாவற்றையும் வேக வைக்கும் முன் எடை போடப் பழகுங்கள். வெந்த பருப்பு தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், கணக்குத் தப்பிவிடும். துவரை, பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு எல்லாமே 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் புரதம். கொண்டைக்கடலை 20-ஐ ஒட்டி. நிலக்கடலை 25, ஆனால் பாதி எடை எண்ணெய். பனீர் 18 முதல் 20. மீல் மேக்கர் (சோயா உருண்டை) 50-ஐத் தாண்டும். பால் 100 மில்லிக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஆவின் நீலப் பாக்கெட்டுக்கும் ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் கொழுப்பில்தான், புரதம் ஏறக்குறைய ஒன்றே. ஒல்லியாக இருப்பவர் ஆரஞ்சு வாங்கட்டும், தொப்பை உள்ளவர் நீலம் வாங்கட்டும்.

அரிசியை விட்டுவிடச் சொல்லும் ஆள் நான் இல்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் லைசின் அரிசிப் புரதத்தில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு. ஒன்றில் இல்லாததை மற்றது நிரப்பும். இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் விழவேண்டும் என்றுகூட இல்லை, அன்றைய நாளுக்குள் வந்தால் போதும். இட்லி, பொங்கல், அடை, கூட்டாஞ்சோறு என்று நம் ஆட்கள் அரிசியையும் பருப்பையும் சேர்த்தே சமைத்திருக்கிறார்கள். சேர்க்கை சரி, அளவுதான் மாறவேண்டும்.

முதலில் செய்யவேண்டியது செலவில்லாத காரியம். சாம்பாருக்குப் பருப்பு வெந்ததும், புளித்தண்ணீர் ஊற்றும் முன், உங்கள் பங்கை இரண்டு பெரிய கரண்டி தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குக்கரில் ஒரு கைப்பிடி பருப்பு கூடுதலாகப் போட்டால் வீட்டில் யாருக்கும் குறையாது. அதில் உப்பு, மஞ்சள், அரை ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து, சோற்றைக் குறைத்து முதல் பரிமாறலாகச் சாப்பிடுங்கள். அப்புறம் சாம்பார், ரசம், தயிர் எல்லாம் வழக்கம்போல.

அடுத்தது அடை. பல வீடுகளில் பருப்பைவிட அரிசிதான் கூட இருக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள்: அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு சமமாகவும் உளுந்து கொஞ்சமும் மூன்று மணி நேரம் ஊறட்டும். வரமிளகாய், சீரகம், பெருங்காயம், ஒரு துண்டு இஞ்சி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அரிசி குறைந்ததால் அடை மொறுமொறுப்பாக வராமல் மெத்தென்று நிற்கும். அதற்கு வழி, மாவைக் கெட்டியாக வைத்து, கல்லில் கையால் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, சிறு தீயில் பொறுமையாக வேகவிடுவது. முருங்கைக்கீரை இருந்தால் உருவிப் போடுங்கள். 80 கிராம் பருப்பும் 40 கிராம் அரிசியும் சேர்ந்த அடையில் 20 கிராம் புரதம் வந்துவிடும். நாலு இட்லியால் அதில் பாதியைக்கூட எட்டுவது கஷ்டம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உளுந்தம்பருப்புச் சோற்றைச் சொல்லித்தரத் தேவையில்லை. தோல் உள்ள கருப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் போட்டுக் குக்கரில் வைத்து, எள்ளுத் துவையலோடு சாப்பிடுவது. அரிசி இரண்டுக்கு உளுந்து ஒன்று என்று போடுபவர்கள் சமமாகப் போட்டுப் பாருங்கள். 75 கிராம் உளுந்து, 75 கிராம் அரிசி என்றால் 23 கிராம் புரதம், எள் தனி. கனமான சோறு, ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்ட நாள் மத்தியானத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது.

மீல் மேக்கர் பலருக்குப் பிடிக்காமல் போவது அதன் வாடையால். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, கையால் இறுக்கிப் பிழியுங்கள். இன்னொரு முறை அலசிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரில் நுரை வருவது நின்றுவிட்டால் வாடையும் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு வெங்காயம், மிளகு, கறிவேப்பிலையோடு பிரட்டினால் வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். காய்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம். சோயா சாப்பிட்டால் ஆண்களின் ஹார்மோன் குறையும் என்ற பயத்தை விடுங்கள்; பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

கொள்ளு ரசம் குடித்துவிட்டுப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள். புரதம் ரசத்துக்கு இறுத்த தண்ணீரில் இல்லை, அடியில் நிற்கும் கொள்ளில் இருக்கிறது. அதைத் துவையலாக அரையுங்கள், சுண்டலாகத் தாளியுங்கள்.

65 கிலோ ஆளுக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். பயிற்சி முடிந்ததும் இரண்டு டம்ளர் பால், ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி: 20 கிராம். காலையில் மேலே சொன்ன அடை: 20. மத்தியானம் 100 கிராம் அரிசிச் சோறு, 50 கிராம் பருப்பு, மீல் மேக்கர் 30 கிராம், ஒரு கிண்ணம் தயிர்: 38. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 10. ராத்திரி மூன்று சப்பாத்தி, பனீர் 60 கிராம்: 22. கூட்டினால் 110. ஒரே வேளையில் எல்லாவற்றையும் அடைப்பதைவிட இப்படிப் பிரித்துச் சாப்பிடுவது தசைக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

வயிறு என்றதும் வாயுத் தொல்லை வரும். பெரும்பாலானவர்கள் பருப்பை விடுவது இதனால்தான். இதுவரை 15 கிராம் பருப்பு சாப்பிட்ட வயிற்றுக்குத் திடீரென்று 150 கிராம் கொடுத்தால் அது திணறத்தான் செய்யும். வாரத்துக்கு ஒரு வேளை என்று கூட்டிக்கொண்டே போங்கள். முழுப் பயறை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முளைகட்டினால் இன்னும் லேசாகும், ஆனால் ஆவியில் வைத்த பிறகு சாப்பிடுங்கள். தண்ணீர் அதிகம் குடியுங்கள். தொடக்கத்தில் பாசிப்பருப்பும் தயிரும் அதிகம் இருக்கட்டும். கொண்டைக்கடலை, கொள்ளு பின்னால் வரட்டும்.

சாப்பாடு மட்டும் தசையைக் கட்டாது, பாரம் வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரத்தைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), முடிந்தவர்களுக்குப் புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது). ஒவ்வொன்றிலும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (தடவை). கடைசி இரண்டு ரெப் திணறலாக இருக்கவேண்டும், ஆனால் முதுகு வளையக்கூடாது. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் ஏற்றுங்கள். எதில் எவ்வளவு தூக்கினீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ஜிம் இல்லாதவர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன. எளிதானதும் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை வராதவர்களுக்கு நான் அமெரிக்க பாடிபில்டர் பில் பேர்ல் பெயரைச் சொல்வேன். 1971-இல், 40 வயதைத் தாண்டிய பிறகு, அவர் மறுபடி மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றபோது இறைச்சியை விட்டிருந்தார். பாலும் முட்டையும் சாப்பிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

மூன்று விஷயங்களில் சைவக்காரர்கள் கவனமாக இருக்கவேண்டும். வைட்டமின் பி12 செடிகொடியில் நம்பி எடுக்கும்படி கிடைக்காது. பால், தயிர் கொஞ்சம் தரும். ஓயாத அசதி, கை கால் மரத்துப்போதல் என்று இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லும் மாத்திரையை எடுங்கள். இரண்டாவது இரும்புச்சத்து. சாப்பிட்டதும் டீ, காபி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், தட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். மூன்றாவது கிரியேட்டின், பாரம் தூக்கும்போது தசைக்குச் சட்டென்று சக்தி தரும் பொருள். சாப்பாட்டில் அது வருவது பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான். அதனால் நம் தசையில் இருப்பு குறைவு. கடையில் விற்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ரசாயன முறையில் தயாரிப்பது, விலங்கிலிருந்து எடுப்பதல்ல. நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். புரோட்டீன் பவுடர் கட்டாயம் இல்லை. ஹாஸ்டல் சாப்பாட்டில் மாட்டிக்கொண்ட பையன்களுக்கு மட்டும் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் சொல்வேன். அது பாலில் இருந்து வருவதுதான், பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பவுடர், கிரியேட்டின் மட்டுமல்ல, பருப்பைக் கூட்டுவதற்கும் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும்.

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ ஏறினால் சரியான வேகம். மூன்று வாரம் ஆகியும் முள் அசையவில்லை என்றால் புரதத்தை இன்னும் கூட்டாதீர்கள். குறைவது மொத்தச் சாப்பாடு. இன்னொரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு நேந்திரம்பழம், அல்லது ராத்திரி கூட ஒரு சப்பாத்தி சேர்த்துவிட்டு மறுபடி இரண்டு வாரம் பாருங்கள். எடையைவிட இடுப்பு வேகமாக ஏறினால் அந்தக் கூடுதலை நிறுத்திவிடுங்கள். பருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.