உல்லாசக் கப்பலில் ஏறுமுன் காப்புறுதி: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவின் முதல் இரண்டு குளிர்காலங்களைத் தாண்டிய குடும்பங்கள், நத்தார் விடுமுறையிலோ மார்ச் மாதப் பாடசாலை விடுமுறையிலோ புளோரிடாவிலிருந்து புறப்படும் கரீபியன் உல்லாசக் கப்பல்களில் போய்வருவது நம்மவரிடையே இப்போது வழக்கமாகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு பேராகப் பதிவுசெய்கிறார்கள். அறையின் விலையை நான்கு இடங்களில் விசாரித்து ஒப்பிடுகிறவர்கள், காப்புறுதி வேண்டுமா என்று பயண முகவர் கேட்கும்போது மட்டும், “எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். முகவர் அதைக் கேட்பது விற்பனை ஆசையால் மட்டுமல்ல. பயணக் காப்புறுதி கிடைக்கும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. இருப்பதாக நாம் நினைக்கும் அந்தக் காப்புறுதி எது, அது கடலில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டால், வாங்க வேண்டியது எது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பெரும்பாலானோர் மனதில் முதலில் வருவது ஓஹிப் எனப்படும் ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதி அட்டை. வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், தீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்கு ஓஹிப் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர் கொடுக்கும். ஏனைய உள்நோயாளர் பராமரிப்புக்கு 200 டொலர். வெளிநோயாளராகப் பார்க்கப்பட்டால் 50 டொலர். இந்தச் சிறு தொகையையும் மாகாண அரசு 2020 ஜனவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகே மீண்டும் வந்தது. அமெரிக்க வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் ஒரே இரவில் பல ஆயிரம் டொலர் கட்டணம் ஏறிவிடக்கூடிய நிலையில், 400 டொலர் எந்த மூலைக்குக் காணும்? வெளிநாட்டில் அம்புலன்ஸ் வண்டிக்கோ, நோயாளியைக் கனடாவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கோ ஓஹிப் எதுவும் கொடுப்பதில்லை.

கப்பலிலேயே வைத்தியர் இருப்பார் என்பது உண்மை. ஆனால் அவருடைய சேவை பயணக் கட்டணத்துக்குள் அடங்கியதல்ல. பார்த்ததற்கும், ஊசிக்கும், சேலைனுக்கும், இரத்தப் பரிசோதனைக்கும் அமெரிக்க டொலரில் தனித்தனியாகக் கட்டணம் எழுதி, உங்கள் அறைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இறங்குவதற்கு முன் அதைக் கட்டித் தீர்க்க வேண்டும், பிறகுதான் காப்புறுதி நிறுவனத்திடம் திரும்பக் கேட்கலாம். அந்த வைத்திய நிலையத்தின் வேலை நோயாளியின் நிலையைத் தாங்கிப்பிடிப்பதுதான். மாரடைப்போ பாரிசவாதமோ என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது கரையோரக் காவற்படையின் ஹெலிகொப்டரை அழைப்பார்கள். இறக்கப்படும் இடம் ஒரு சிறு தீவாக இருந்து, அங்கு இருதய சத்திரசிகிச்சை வசதி இல்லாவிட்டால், தனி விமானத்தில் மியாமிக்கோ ரொறன்ரோவுக்கோ கொண்டுபோக வேண்டும். அதன் செலவு எளிதாகப் பத்தாயிரக்கணக்கான டொலராகும். ஆகவே கப்பற் பயணத்துக்கான காப்புறுதியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, அவசர வைத்தியத்துக்கான உச்ச வரம்பையும், நோயாளியை விமானத்தில் இடமாற்றும் செலவு அதற்குள் முழுமையாக அடங்குகிறதா என்பதையும்தான். கனடாவில் விற்கப்படும் பல திட்டங்கள் 50 இலட்சம் அல்லது ஒரு கோடி டொலர் வரை பாதுகாப்புத் தருகின்றன. இடமாற்றத்துக்கு மட்டும் சிறிய தனி வரம்பு வைத்திருக்கும் மலிவான திட்டத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவதாக நம்பப்படுவது கடனட்டை. சில உயர்தர அட்டைகளில் பயண வைத்தியக் காப்புறுதி இருக்கிறது என்பது சரி. ஆனால் அட்டைக்காரர் 65 வயதைத் தாண்டியவுடன் அது பெரும்பாலும் மறைந்துவிடும் அல்லது சில நாட்களாகச் சுருங்கிவிடும். பயணத்தின் இத்தனையாவது நாளுக்குமேல் செல்லாது என்ற வரம்பும் உண்டு. பயணச் செலவை அந்த அட்டையிலேயே கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, குறிப்பாகப் பயண ரத்துக் காப்புறுதிக்கு, பொதுவானது. மனைவியும் பிள்ளைகளும் அடங்குவார்கள். உங்கள் பெற்றோர் அடங்கமாட்டார்கள். வேலைத்தலத்துக் குழுக் காப்புறுதிக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

மூன்றாவது நம்பிக்கையே பெரிய பிழைகளுக்கு வழிவிடுகிறது. பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு, குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான, ஓர் ஆண்டுக்குச் செல்லுபடியாகும் வைத்தியக் காப்புறுதியை நாம் எப்படியும் எடுத்திருப்போம். அது அவர்கள் கனடாவில் இருக்கும்போது வரும் நோய்க்காக எழுதப்பட்டது. கனடாவுக்கு வெளியே சிறு பயணம் போனால் சில திட்டங்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு ஏற்றுக்கொள்ளும், சில அறவே ஏற்காது. ஏற்றுக்கொள்ளும் திட்டத்திலும், அமெரிக்க வைத்தியசாலைக் கட்டணத்துக்கு முன்னால் 100,000 டொலர் பெரிய தொகை அல்ல. ஆகவே கப்பலைப் பதிவுசெய்வதற்கு முன், பயணத் திகதிகளையும் நாடுகளின் பெயர்களையும் குறிப்பிட்டு, அந்தக் காப்புறுதி நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் “பிரச்சினை இல்லை” என்று சொன்னது பிறகு எங்கும் நிற்காது.

இன்னொரு நுணுக்கமும் புதிதாக வந்தவர்களைத் தனியாகப் பாதிக்கிறது. கனேடியர்களுக்கான சாதாரணப் பயணக் காப்புறுதித் திட்டங்களில் பல, பயணி ஏதாவது ஒரு மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் எழுதப்பட்டவை. புதிதாக வந்தவர்கள் ஓஹிப் பெறுவதற்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்ராறியோ 2020 மார்ச்சில் நீக்கியது. ஆனாலும் அட்டைக்கு விண்ணப்பிக்காமலே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓஹிப் இல்லாதவர் அத்தகைய திட்டத்தை வாங்கினால், பணத்தை வாங்கும்போது எவரும் தடுக்கமாட்டார்கள். இழப்பீடு கேட்கும்போதுதான் தகுதி பார்ப்பார்கள்.

வயதானவர்கள் சேர்ந்து போகும் பயணத்தில் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி, ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதி. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாத அறுபது வயதுக்காரரை நம்மிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த நோய்கள் இருப்பதாலேயே காப்புறுதி கிடைக்காது என்பதில்லை. அவை பயணத்துக்கு முந்திய 90 நாட்களோ 180 நாட்களோ, சில திட்டங்களில் ஓர் ஆண்டோ, மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நிலையாக என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளும் காப்புறுதிப் பத்திரம் கொள்ளும் பொருளும் வேறு. குளிசையின் அளவைக் கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம். புதிய குளிசை ஒன்று சேர்ந்தாலும் மாற்றம். விசேட வைத்தியரைப் பார்க்கும்படி அனுப்பி, அந்தச் சந்திப்புக்காகக் காத்திருந்தாலும் நிலையற்றது என்றே எடுத்துக்கொள்வார்கள். “அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது, பாதிக் குளிசை போதும்” என்று குடும்ப வைத்தியர் சொன்னதை நல்ல செய்தியாக வீட்டில் எல்லோரும் கொண்டாடிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்; பயணத்துக்கு ஏழு வாரத்துக்கு முன் நடந்த அந்த மாற்றமே அவர்களுடைய கோரிக்கை மறுக்கப்படக் காரணமாயிற்று. ஒரே மருந்தின் விலையுயர்ந்த வடிவத்திலிருந்து மலிவான வடிவத்துக்கு மாறுவதைப் பல திட்டங்கள் மாற்றமாகக் கொள்வதில்லை. இன்சுலின் அளவுக்கும் சிலவற்றில் விதிவிலக்கு உண்டு. இவற்றை உங்கள் பத்திரத்திலேயே தேடி உறுதிசெய்ய வேண்டும்.

வைத்திய வினாக்கொத்தை மகனோ மகளோ இணையத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். அப்பாவிடம் கேட்டால், “எனக்கு ஒன்றுமில்லை, சுகமாகத்தான் இருக்கிறேன்” என்பார். ஊரில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலியென்று இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்ததை அவர் நோயாகவே கணக்கெடுப்பதில்லை. விற்கும்போது நிறுவனம் எதையும் சரிபார்ப்பதில்லை. பெரிய கோரிக்கை ஒன்று வந்த பிறகுதான் குடும்ப வைத்தியரின் பதிவேடுகளையும், தேவைப்பட்டால் ஊர் வைத்தியசாலையின் குறிப்புகளையும் வரவழைத்துப் பார்க்கும். அப்போது ஒரு பதில் பிழையென்று கண்டால், அந்தப் பிழைக்கும் வந்த நோய்க்கும் தொடர்பில்லாவிட்டாலும் முழுப் பத்திரத்தையும் செல்லாததாக்கும் உரிமையைச் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆகவே மருந்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றோரின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கி நிரப்புங்கள். விளங்காத கேள்வியைக் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அதனால் காப்புறுதிக் கட்டணம் சற்றுக் கூடினால் கூடட்டும்.

பயணத்தை ரத்துச்செய்வதற்கான காப்புறுதி வேறொன்று. வைத்தியக் காப்புறுதியோடு சேர்த்தும் வாங்கலாம், தனியாகவும் வாங்கலாம். கப்பல் நிறுவனங்கள் முழுப் பணத்தையும் புறப்படுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்பே கேட்கின்றன. அதன் பிறகு ரத்துச்செய்தால் திரும்பக் கிடைக்கும் பங்கு படிப்படியாகக் குறைந்து, கடைசி வாரங்களில் ஒன்றுமில்லாமற் போய்விடும். ஆகவே முற்பணம் கட்டும் நாளிலேயே இதை எடுத்துவிடுவது நல்லது. மீதிப் பணம் கட்டும்போது காப்புறுதித் தொகையையும் உயர்த்திக்கொள்ள மறக்க வேண்டாம். இங்கே நம் உறவுமுறைக்கும் பத்திரத்தின் உறவுமுறைக்கும் ஒரு முரண் இருக்கிறது. குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். குடும்பம் என்றால் யார் என்பது பத்திரத்தின் விளக்கப் பகுதியில் பட்டியலாக இருக்கும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பேரன் பேத்தி, மாமனார் மாமியார் இருப்பார்கள். சித்தப்பாவும் அத்தையும் பல பட்டியல்களில் இருப்பார்கள். ஆனால் பெரியப்பாவின் மகன் நமக்கு அண்ணன். பத்திரத்துக்கு அவர் கசின், பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே நிற்பவர். யாழ்ப்பாணத்தில் அவருடைய செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. காரணம் எதுவானாலும் ரத்துச்செய்யலாம் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அதில் கட்டிய பணத்தின் ஒரு பகுதிதான் திரும்பும். ஊரில் நோயுற்ற முதியவர்கள் உள்ள குடும்பத்துக்கு அது பொருத்தமானது என்பது என் எண்ணம், ஏனெனில் பயணம் செய்யாத உறவினரின் பழைய நோயையும் காட்டி ரத்துக் கோரிக்கையை மறுக்கும் திட்டங்கள் இருக்கின்றன.

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து காலை விமானத்தில் புறப்பட்டு அன்று மாலைக் கப்பலைப் பிடிக்கலாம் என்று திட்டமிடுவது, பனிக்காலத்தில் தேவையற்ற துணிச்சல். முதல்நாளே போய்த் தங்குங்கள். தவறவிட்டால் அடுத்த துறைமுகம்வரை போகும் செலவைத் தரும் பிரிவு பல திட்டங்களில் உண்டு, ஆனால் கப்பல் புறப்படுவதற்கு இத்தனை மணித்தியாலம் முன்பாக விமானம் வந்திறங்குவதாகத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். அலாஸ்காவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வியப்பான சிக்கல்: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், தொலைவான வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க முடியாது என்கிறது 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. சியாட்டிலில் கப்பலைத் தவறவிட்டவர் அலாஸ்காவின் கெச்சிக்கன் துறைமுகத்தில் ஏறி மீண்டும் சியாட்டிலில் இறங்க நினைத்தால் அனுமதி கிடைக்காமற் போகலாம். வழியில் தொடும் கனேடியத் துறைமுகமான விக்டோரியா இந்தச் சட்டத்தின் கண்ணில் தொலைவான துறைமுகம் அல்ல.

விசா இல்லாததால் ஏற்ற மறுத்தால் எந்தக் காப்புறுதியும் பொதுவாகப் பணம் தராது. நிரந்தர வதிவிட அட்டை கையிலிருந்தாலும், இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் மியாமியில் ஏறுவதற்கு அமெரிக்க விசா வேண்டும். மத்தியதரைக் கடற் பயணத்துக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும். கப்பல் இடையில் துருக்கிக்குப் போய்த் திரும்பி கிரேக்கத்துக்குள் வந்தால் பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். அந்த விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோ வைத்தியக் காப்புறுதி கேட்பார்கள் என்பதால், இரண்டு தேவைக்கும் பொருந்தும் ஒரே பத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அத்திலாந்திக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் காப்புறுதி அந்தப் புயலுக்கு உதவாது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரம் தொடங்குமானால் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

கப்பல் நிறுவனம் பதிவுசெய்யும்போதே விற்கும் திட்டம் வசதியானது, ஆனால் அதன் வைத்திய வரம்பு பெரும்பாலும் சிறியது. தனிக் காப்புறுதி நிறுவனத்தின் திட்டத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற முகவர் மூலம் வாங்கினால், விமான நிறுவனமோ கப்பல் நிறுவனமோ முறிந்துபோனால் பயண முகவர்களை ஒழுங்குபடுத்தும் டிகோ எனப்படும் அமைப்பின் நிதியிலிருந்து ஒருவருக்கு 5,000 டொலர் வரை கோரலாம். பத்திரம் கைக்கு வந்த பிறகு பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் வசதி பல திட்டங்களில் உண்டு. ஆறுதலாகப் படிக்க அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள்.

நோய் வந்தால் சிகிச்சைக்கு முன்பே, முடியாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள், காப்புறுதியின் அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கொடுப்பனவைக் குறைக்கும் பத்திரங்கள் பல. கப்பலின் வைத்தியரிடம் விபரமான பற்றுச்சீட்டையும் வைத்தியக் குறிப்பையும் இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மறுக்கப்பட்ட கோரிக்கையை நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவராவிட்டால், ஆயுள் மற்றும் சுகாதாரக் காப்புறுதிக்கான குறைகேள் அமைப்பு கட்டணமின்றி விசாரிக்கும். பத்திரத்தின் பிரதியையும், அவசர எண்ணையும், மருந்துப் பட்டியலையும், பத்து நாளுக்கான குளிசைகளையும் கைப்பையிலேயே வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில வேளைகளில் இரவாகிவிடும்.