பஞ்சு மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு, கடுகு வச்சு சரி பண்ணேன்

இடது மார்பை எடுத்து எட்டு மாசம் ஆவுது, தையல்லாம் ஆறிட்டு. பிராவுக்குள்ள வைக்கிற பஞ்சுதான் பாடா படுத்துச்சு, அதுக்கு எடையே கிடையாதுல்லா, ஜங்ஷன்ல பஸ் ஏற கம்பிய புடிச்சா கழுத்துக்கு ஏறி வந்துரும், கனம் ஒரு பக்கமாவே இருக்கதால தோள்பட்டை வேற இழுக்கும். சிலிக்கோன்ல செஞ்ச செயற்கை மார்பு விக்காவ, விலைய கேட்டுட்டு பேசாம வந்துட்டேன்.

எங்க மதினிதான் பழைய வேட்டித்துணில சின்னப் பை தச்சு கடுகு போட்டு, கண்ணாடி முன்னால என்னைய நிறுத்தி கரண்டி கரண்டியா கூட்டிக் குறைச்சு, பிரா உள்பக்கம் பாக்கெட்டும் அடிச்சுக் குடுத்தாவ. இப்ப நகராது. ஆனா நம்மூரு வெயிலுக்கு வேர்வைல கடுகு வாடை அடிச்சுட்டு (சித்திரைல சாம்பார் மாதிரி மணந்தேன்!), அதனால ரெண்டு பை, மாத்தி மாத்தி கடுகைக் கொட்டிட்டு அலசிப் போடுதேன்.