சொந்தமாக ஸ்டாக் பட விற்பனைத் தளம்: தொடங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வது எப்படி?

பத்து ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தவரின் ஹார்டு டிஸ்க்கில் விற்கத் தகுந்த படங்கள் சில ஆயிரமாவது சேர்ந்திருக்கும். அவற்றை, வாங்குகிறவர் உரிமம் பெற்று விளம்பரத்துக்கோ அச்சுக்கோ பயன்படுத்தும் ஸ்டாக் படங்களாக ஷட்டர்ஸ்டாக் போன்ற தளத்தில் ஏற்றி, ஒரு படம் விற்றதற்கு 10 சென்ட், அதாவது எட்டு ஒன்பது ரூபாய், கணக்கில் வந்து விழுவதைப் பார்க்கும்போது, இதை நாமே ஒரு தளம் வைத்து விற்றால் என்ன என்று தோன்றுவது இயல்பே. எனக்கும் அப்படித் தோன்றியது. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அதற்கான விடையை நம்மில் பெரும்பாலோர் தவறான இடத்தில் தேடுகிறோம்: எத்தனை படம் இருக்கிறது, எந்த மென்பொருள் நல்லது, எந்த டொமைன் பெயர் கிடைக்கும் என்று பார்க்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படங்களைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் யார், அவருடைய தொலைபேசி எண் நம்மிடம் இருக்கிறதா என்பதுதான்.

ஜான் ஓரிங்கர் 2003-இல் தாமே எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களுடன் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார் என்பதை முன்னுதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தின் சந்தை வேறு. 2000-இல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ என்ற பட விற்பனைத் தளத்தை 2006-இல், படங்களை விற்கும் பெரிய நிறுவனமான கெட்டி 5 கோடி டாலருக்கு வாங்கியது. இதே போன்ற இன்னொரு தளமான ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2014-இல் அறிவித்து, அடுத்த ஆண்டு அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது. 2013-இல் தோன்றிய அன்ஸ்பிளாஷ் நல்ல தரமுள்ள படங்களை இலவசமாகவே கொடுக்கத் தொடங்க, 2021-இல் அதையும் கெட்டி வாங்கிக்கொண்டது. இலவசப் படத் தளங்களான பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே இரண்டும் 2019 முதல் கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்திடம் இருக்கின்றன. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. சூரிய அஸ்தமனம், மடிக்கணினி முன் காபிக் கோப்பை, கைகுலுக்கும் இருவர் ஆகிய பொதுப் படங்களுக்கு இனி தனி மனிதர் ஒருவர் விலை வைத்து விற்க முடியாது என்பதே இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் தொகுப்பிலிருந்து நூறு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும், வாங்குகிறவர் எந்தச் சொற்களை இட்டுத் தேடுவாரோ அதே சொற்களை இட்டு, அன்ஸ்பிளாஷிலும் அடோபி ஸ்டாக்கிலும் தேடுங்கள். உங்கள் படத்துக்கு ஈடான படங்கள் முதல் இரண்டு பக்கங்களுக்குள் கிடைத்துவிட்டால், அந்தப் படத்தை ஒதுக்கி வையுங்கள். அது அழகாக இருக்கிறது என்பதற்காக இரக்கம் காட்ட வேண்டாம். நான் இந்தச் சோதனையைச் செய்தபோது நூற்றில் இருபத்து மூன்றுதான் மிஞ்சின. மிஞ்சியவை எல்லாம் இடத்தோடும் தொழிலோடும் ஒட்டியவை: தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள், பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் தறி, சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பண்ருட்டிப் பலாச்சந்தையில் பழத்தைத் தட்டிப் பார்க்கும் கை. செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கும் படங்களையும் இதே போலச் சோதித்துப் பார்த்தேன். பொங்கல் பானையைக் கேட்டால் பானை வந்தது, கரும்பு வந்தது. பானையின் கழுத்தில் கட்ட வேண்டிய மஞ்சள் கொத்து மட்டும் அடுப்பின் அருகில் ஏதோ கீரைக்கட்டு போலக் கிடந்தது. இந்த வகைப் பிழைகள் நாளை சரியாகிவிடலாம் என்பதால், அதையே நம்பித் தொழில் தொடங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பாடநூலுக்கோ செய்திக்கோ, இந்த இடம் இந்த நாளில் உண்மையில் இப்படி இருந்தது என்று சொல்லும் படம்தான் வேண்டும். அதை யாரேனும் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, வாங்குகிறவர். சந்தீப் மகேஸ்வரி 2006-இல் தொடங்கிய இமேஜஸ்பஜார் இந்திய முகங்களும் இந்திய வீடுகளும் கொண்ட படங்களையே தன் சரக்காக வைத்து வளர்ந்தது. வெளிநாட்டு முகங்களை வைத்து இந்தியப் பொருளை விளம்பரப்படுத்த முடியாமல் திணறிய விளம்பர நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்களாயின. உங்கள் தளத்துக்கும் இப்படித் தெளிவான ஒரு திணறல் வேண்டும்: இந்தப் படம் கிடைக்காமல் யார் திணறுகிறார்? காலண்டர் அச்சகங்கள், பள்ளி வழிகாட்டி நூல் பதிப்பாளர்கள், ஆண்டறிக்கை அச்சிடும் தொண்டு நிறுவனங்கள், சுற்றுலா நிறுவனங்கள், ஜவுளிக்கடைகளுக்கு விளம்பரம் செய்யும் சிறு முகமைகள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். நாற்பது பெயர் எழுத முடியவில்லை என்றால் தளத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

இந்தப் பட்டியலை உட்கார்ந்த இடத்தில் எழுதுவதோடு நிறுத்தாமல், நான்கைந்து பேரையாவது நேரில் பார்த்துப் பேச வேண்டும். சிவகாசியில் காலண்டர் வடிவமைப்பாளர் ஒருவரிடம் நான் முப்பது கோபுரப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு படத்தில் கலசத்தின் மேல் சுண்டுவிரலை வைத்து, மேலே காலண்டரை மாட்டும் தகரப் பட்டை அடிக்க இடமே விடவில்லையே, கீழே கடை பெயரை எங்கே அச்சிடுவது என்று கேட்டார். படத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கோபுரத்தின் உச்சி மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலும் கீழும் வானமும் தரையும் தாராளமாக விட்டு எடுத்த இரண்டு படங்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரிகள் அடங்கிய புதிய காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அங்குள்ள வழக்கம் என்பதால், படம் தேடும் காலம் அதற்கு முந்தைய மாதங்கள்தான் என்பதும் அன்று எனக்குத் தெரிந்தது. கார்த்திகையில் போய் நின்றால் அடுத்த ஆண்டுக்குத்தான் பேச்சு. எந்த மென்பொருளும் சொல்லித் தராத செய்திகள் இவை.

உரிமை பற்றிய கேள்வியில் அவசரப்படவே கூடாது. கையில் இருப்பது உங்கள் கேமராவில் எடுத்த படம் என்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே. திருமணத்திலும் வளைகாப்பிலும் கூலிக்கு எடுத்த படங்களைத் தளத்தில் விற்க நினைப்பவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டும். உங்களுக்காக நீங்களே எடுத்த படமென்றால் நிலைமை நல்லது: 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

படத்தில் அடையாளம் தெரியும் முகம் இருந்தால், விளம்பரப் பயன்பாட்டுக்கு அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். உப்பளத்துப் படத்தில் இருப்பவரிடம் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கப் படிவத்தை வாசித்துக் காட்டி, இந்தப் படம் எண்ணெய் விளம்பரத்திலும் வரலாம், மருந்து விளம்பரத்திலும் வரலாம் என்று புரிய வைத்து, கையொப்பம் வாங்கி, கையில் பணமும் கொடுத்துவிட்டு வருவதே முறை. எழுத்து தெரியாதவர் கைநாட்டு வைத்தால், வாசித்துக் காட்டியதற்குச் சாட்சியாக இன்னொருவர் கையெழுத்திட வேண்டும். இதைச் சடங்காகச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த முகத்தை வைத்துத்தான் நாம் சம்பாதிக்கிறோம். ஒப்புதல் இல்லாத படங்களைச் செய்தி, கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று தனியே குறித்து வையுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற இடங்களில் முக்காலி வைத்து எடுக்க முன்அனுமதி தேவை என்பதையும், கோயில்களின் உள்ளே எடுப்பதற்கு அந்தந்தக் கோயிலின் விதி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பெரிய தளங்களில் ஏற்றினால் ஒப்புதல் படிவத்தை அவர்களுடைய பரிசோதகர் கேட்பார். சொந்தத் தளத்தில் அந்தப் பரிசோதகரும் நீங்களே, பின்னால் வக்கீல் நோட்டீஸ் வந்தால் பெற்றுக்கொள்பவரும் நீங்களே.

இனி பணக்கணக்கு. டொமைன், ஹோஸ்டிங், காப்புப்பிரதிக்கான இடம், தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஒன்றிரண்டு கட்டண பிளகின்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்றும், ஒரு படத்தின் சராசரி விலை 800 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே எடுத்துக்கொள்ளும் சுமார் 2 சதவீதமும் அதன் மேல் வரியும் போக 781 ரூபாய் கைக்கு வரும். செலவை ஈடுகட்ட ஆண்டுக்கு 32 விற்பனை போதும் என்று தெரிந்ததும் மனம் துள்ளும். ஆனால் உழைப்பைச் சேர்க்கவில்லை. குறிச்சொல் எழுதுவது, படம் ஏற்றுவது, பில் போடுவது ஆகியவற்றுக்கு வாரம் 10 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் மட்டுமே கூலி போட்டாலும் ஒரு லட்சம் ரூபாய். இப்போது தேவைப்படுவது ஏறத்தாழ 160 விற்பனை. தளத்துக்கு வரும் இருநூறு பேரில் ஒருவர் வாங்குவதாகக் கொண்டால் 32,000 பேர் வந்தாக வேண்டும். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒப்பீட்டுக்கு, அடோபி ஸ்டாக் புகைப்படத்துக்கு 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில் 15 முதல் 40 சதவீதம் வரை படிகள் உண்டு. ஆண்டு முழுவதும் ஏறிய படி ஜனவரி 1 அன்று மீண்டும் அடியிலிருந்து தொடங்குகிறது. சொந்தத் தளத்தில் ஒரு 800 ரூபாய் விற்பனை, 10 சென்ட் விற்பனைகள் ஏறக்குறைய 90-க்குச் சமம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொண்ணூறு பேரையும் தேடி அழைத்து வருவது அந்தப் பெரிய தளங்களின் வேலை, இந்த ஒருவரை அழைத்து வருவது உங்களுடைய வேலை. ஆகவே இரண்டில் ஒன்று என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஷட்டர்ஸ்டாக்கும் அடோபியும் தங்களுக்கு மட்டுமே தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பொதுப் படங்களை அங்கே விட்டுவிட்டு, சோதனையில் மிஞ்சிய அரிய படங்களை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். ஒரே படத்தை இரண்டு இடத்திலும் வைத்தால், வாங்குபவர் விலை குறைந்த இடத்தில்தான் வாங்குவார்.

தொழில்நுட்பம் இதில் எளிய பகுதி. தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ்ஸும், அதில் கடை வைக்க உதவும் வூகாமர்ஸும் சில நூறு படங்களுக்குப் போதும். 24 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று சுமார் 10 எம்பி என்றால், 500 படங்கள் 5 ஜிபிதான். முழு அளவுக் கோப்பைப் பொதுவில் திறக்கும் கோப்புறையில் வைக்காமல், பணம் கட்டியவருக்கு மட்டும் குறிப்பிட்ட நேரம் வரை திறக்கும் இணைப்பாகத் தர வேண்டும். வெளியே தெரிவது வாட்டர்மார்க் இட்ட சிறு படமாகவே இருக்கட்டும். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால், உள்ளூர் வாடிக்கையாளருக்கு ரேஸர்பே போன்ற இந்தியச் சேவை ஒன்று தேவைப்படும். கூகுள் படத்தேடல் 2020 ஆகஸ்ட் முதல், உரிமம் பெற்று வாங்கத்தக்க படங்களின் மேல் சிறு அடையாளம் காட்டுகிறது. படக் கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கும் ஐபிடிசி தகவலில் உரிமப் பக்கத்தின் முகவரியை எழுதி வைத்தால் அந்த அடையாளத்துக்கு வழி பிறக்கும். ஏற்றிய படத்தை நீங்களே ஒருமுறை இறக்கிப் பார்த்து, அந்தத் தகவல் அழியாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களின் படங்களையும் சேர்த்து விற்கலாமே என்ற ஆசை இந்தக் கட்டத்தில் வரும். என் கருத்தில், முதல் இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவே கூடாது. ஜிஎஸ்டியில் சேவைகளுக்கான பதிவு வரம்பு பொதுவாக ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். பிறர் சரக்கை விற்று அதற்கான பணத்தை நீங்கள் வசூலித்தால், நீங்கள் மின்வணிக நிறுவனமாகக் கருதப்பட்டு அந்த வரம்பின் சலுகை கிடைக்காமல் போகலாம் என்பதால் ஆடிட்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். அதைவிட, பிறர் கொண்டுவரும் ஒவ்வொரு ஒப்புதல் படிவத்துக்கும் நீங்கள் பொறுப்பு. கலைஞர்கள் பலர் கூடி நடத்துவதே நோக்கமென்றால், 2013-இல் கனடாவில் கூட்டுறவாகத் தொடங்கி, சாதாரண உரிமத்துக்குப் பாதித் தொகையைப் படமெடுத்தவருக்கே கொடுத்த ஸ்டாக்ஸியைப் பாருங்கள். அங்கே படமெடுப்பவர்களே பங்குதாரர்கள்.

டொமைன் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். முதல் நூறில் போதிய படங்கள் தேறாவிட்டால் இன்னும் சில நூறைச் சோதித்து, தேறியவற்றில் 60 படங்களை வாட்டர்மார்க்குடன் ஒரு பிடிஎஃப் கோப்பாக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் எண், இடம், எடுத்த மாதம், ஒப்புதல் உண்டா இல்லையா என்பதை எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் விலையும், அந்த விலைக்கு எத்தனை பிரதி வரை அச்சிடலாம் என்பதும், யுபிஐ எண்ணும் இருக்கட்டும். நாற்பது பேருக்கும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுங்கள். மூன்று மாதத்தில் ஐந்து பேராவது பணம் கொடுத்து வாங்கி, அவர்களில் இருவர் கேட்காமலே இரண்டாம் முறை வந்தால் தளம் தொடங்குங்கள். யாரும் வாங்காமல், பலரும் நாம் காட்டாத ஏதோ ஒரு படத்தைக் கேட்டால், தளத்தை மறந்துவிட்டு அந்தப் படத்தை எடுக்கப் போங்கள். பாராட்டு மட்டும் வந்தால், 60 படங்களையும் பெரிய தளங்களில் ஏற்றிவிட்டு, ஒப்புதல் படிவங்களைப் படத்தின் எண்ணோடு கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். என் வெள்ளோட்டத்தில் வாங்கியவர்கள் நான்கு பேர். ஆகவே நான் இன்னும் டொமைன் வாங்கவில்லை, வரும் ஆனியில் புதிய 60 படங்களுடன் மறுபடி அனுப்பப் போகிறேன்.